கடல்மீன் தொட்டியில் வெள்ளைப் புள்ளி

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் ஏமாந்துபோவது பெரும்பாலும் ஒரு நல்ல செய்தியால்தான். "மீன் மேல இருந்த புள்ளியெல்லாம் தானாவே போயிடுச்சு, மருந்துகூடப் போடலை" என்பதுதான் அந்த நல்ல செய்தி. கடையிலிருந்து வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ புது மீனின் துடுப்பில் உப்புத் தூவினாற்போலச் சில வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மீன் அவ்வப்போது பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். நான்கைந்து நாட்களில் புள்ளிகள் மறையும். வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். அடுத்த வாரம் பத்துப் புள்ளி இருந்த இடத்தில் நூறு புள்ளி இருக்கும்; பல வருடங்களாக நோய்நொடி இல்லாமல் தொட்டியில் சுற்றிக்கொண்டிருந்த பழைய மீன்களின் மேலும் இருக்கும். அதற்கும் அடுத்த வாரம் பலருக்குத் தொட்டியில் பவளமும் நத்தையும் மட்டுமே மிஞ்சுகின்றன.

இந்தப் புள்ளிகளுக்குக் காரணமான ஒட்டுண்ணியின் பெயர் கிரிப்டோகேரியன் இர்ரிட்டன்ஸ். உடலெங்கும் நுண்ணிய மயிரிழைகள் கொண்ட ஒற்றைச் செல் உயிரி. 1930களில் ஜப்பானில் சிகாமா என்பவர் இதைக் கவனித்து எழுதினார். இன்று வழங்கும் பெயரை 1951இல் இலண்டனில் பிரவுன் என்ற ஆய்வாளர் சூட்டினார். கிரேக்கத்தில் 'மறைந்த உட்கரு' என்று பொருளாம். நமது 'ஒட்டுண்ணி' இதைவிடத் தெளிவான சொல். ஒட்டிக்கொண்டு உண்பது என்று சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது. ஆனால் இந்தப் பிராணியின் விஷயத்தில் அது கொஞ்சம் தவறான படத்தைத் தருகிறது. மாட்டின் மேல் உண்ணி ஒட்டுவதுபோல இது மீனின் மேல் ஒட்டுவதில்லை. மேல்தோலைத் துளைத்து உள்ளே போய், தோலுக்கு அடியில் சுழன்றபடியே திசுவைத் தின்று பருக்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, அது உள்ளே இருக்க மேலே தோல் புடைத்திருப்பதுதான். மருந்து ஏன் அதைத் தொடுவதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

தோலுக்கடியில் அது இருப்பது மூன்று முதல் ஏழு நாட்கள். வயிறு நிரம்பியதும் தானாகவே தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. புள்ளி 'குணமாவது' இப்படித்தான். வெளியே வந்தது அடித்தளத்தில் ஊர்ந்து, சில மணி நேரத்தில் மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கெட்டியான கூட்டைக் கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இருநூறு குஞ்சுகள் வரை ஆகலாம். கூடு வெடித்ததும் அவை நீந்திப்போய் மீனைத் தேடுகின்றன. ஒன்றிரண்டு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகின்றன. முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு மீனைத் துளைக்கும் தெம்பும் குறைந்துவிடுகிறது.

இந்த உயிரியின் சாமர்த்தியம் நேரம் பார்ப்பதில் இருக்கிறது. மீனைவிட்டு வெளியேறுவதும் இருட்டில், கூடுகள் வெடிப்பதும் பெரும்பாலும் இருட்டில். இரவில்தான் மீன் பாறையிடுக்கில் அசையாமல் உறங்குகிறது. பகலில் நாளெல்லாம் நீந்தும் மீனைத் துரத்துவதைவிட, தூங்கும் மீனின் படுக்கைக்குப் பக்கத்திலேயே முட்டையிட்டு வைப்பது எத்தனை சுலபம்! மூளை என்று ஒன்று இல்லாத ஒற்றைச் செல்லுக்கு இது தெரிந்திருக்கிறது.

கடலில் இது பெரிய கொலையாளி இல்லை. மீன் காலையில் எழுந்து வேறிடம் போய்விடும். இரவில் பிறந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை யாரையும் காணாமல் சாகும். முந்நூறு லிட்டர் தொட்டியில் மீன் எங்கே போகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் புள்ளி என்றால் பத்துக் கூடு. கூட்டுக்கு இருநூறு என்றால் இரண்டாயிரம் குஞ்சுகள். நூற்றுக்கு ஐந்து மட்டும் மீனைப் பிடித்தது என்று வைத்துக்கொண்டாலும் அடுத்த சுற்றில் நூறு புள்ளி, அதற்கடுத்த சுற்றில் ஆயிரம். அத்தனையும் தோலில் மட்டும் வருவதில்லை. செவுளில்தான் அதிகச் சேதம். மீன் கடைசியில் சாவது மூச்சுத் திணறி.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் இரண்டு கோமாளி மீன்கள் உண்டு. மகள் மழலைப் பள்ளியில் இருந்தபோது வாங்கியவை. அவள் இப்போது எட்டாம் வகுப்பு. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட, 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் கதாநாயகன் இனம். அந்தத் தொட்டியில் அவர் ஒரு பவுடர் ப்ளூ மீனைக் கொண்டுவந்து நேராக விட்டார். வால் அடியில் கத்தி போன்ற முள் இருப்பதால் சர்ஜன் மீன் என்று அழைக்கப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. இளநீல உடம்பு, கருப்பு முகம், மஞ்சள் முதுகுத்துடுப்பு. இந்தியப் பெருங்கடல்தான் இதன் வீடு. மாலத்தீவிலும் இலங்கையைச் சுற்றியுள்ள பாறைகளிலும் மேய்கிறது. இங்கே கடையில் நூறு டாலரைத் தாண்டும். அழகு அத்தனையும் இருந்தாலும், வெள்ளைப் புள்ளியை வா வா என்று அழைக்கும் மீன் என்று பொழுதுபோக்குக்காரர்கள் மத்தியில் இதற்குப் பெயர். ஐந்தாம் நாள் அவர் தொலைபேசியில் கேட்டது, "தொட்டியில என்ன மருந்து ஊத்தலாம்?" என்று.

அந்தத் தொட்டியில் எதையும் ஊற்றக்கூடாது என்பதுதான் பதில். கேட்பவருக்கு இது கல்நெஞ்சத்தனமாகப் படும். ஆனால் வேலை செய்யும் மருந்து எல்லாம் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொல்லும். பவளத் தொட்டியில் பாதுகாப்பானது என்று விற்கப்படும் மருந்துகள் பெரும்பாலும் ஒட்டுண்ணிக்கும் பாதுகாப்பானவை. பூண்டுச் சாறு, சுத்தம் செய்யும் இறால், புற ஊதா விளக்கு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பூண்டு சாப்பிடாத மீனைச் சாப்பிட வைக்கலாம், அவ்வளவுதான். இறாலால் தோலுக்குள் இருப்பதைத் தோண்டி எடுக்க முடியாது. புற ஊதா விளக்கு தன் வழியாகப் போகும் தண்ணீரில் இருப்பதை மட்டும் கொல்லும். கூட்டிலிருந்து இரண்டங்குலத்தில் தூங்கும் மீனுக்கு அதனால் என்ன பயன்? 'மன உளைச்சலால் வந்தது, நன்றாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும்' என்பது இன்னொரு சமாதானம். உளைச்சல் மீனின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், ஒட்டுண்ணியை உண்டாக்காது. ஏதாவது ஒன்றோடு சேர்ந்து அது தொட்டிக்குள் வந்தே ஆகவேண்டும்.

பிழைத்துவிட்ட மீனுக்குச் சில மாதங்கள் ஓரளவு எதிர்ப்புச் சக்தி வருவது உண்மை. அதனால்தான் சில தொட்டிகளில் நோய் அடங்கியதுபோலத் தோன்றுகிறது. செவுளில் ஒன்றிரண்டு ஒளிந்துகொண்டு சுற்று தொடர்கிறது. அடுத்த புது மீன் வரும் நாளில் மறுபடி வெடிக்கிறது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். மறு தொடக்கம் செய்தால் மறைந்துவிடும் பிழையை யாரும் சரிசெய்துவிட்டதாகச் சொல்வதில்லை.

ஆக, செய்ய வேண்டியவை இரண்டு, ஒரே சமயத்தில். எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பார்ப்பது ஒன்று. மீனே இல்லாமல் பெரிய தொட்டியைக் காயப்போடுவது மற்றது. புள்ளி இல்லாத மீனையும் விட்டுவைக்கக் கூடாது. பாறையையெல்லாம் கலைத்து ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டியிருக்கும். சனிக்கிழமை முழுவதும் போகும், போகட்டும்.

வைத்தியத் தொட்டிக்கு எழுபத்தைந்து லிட்டர் போதும், பெரிய மீன் என்றால் இன்னும் பெரிதாக. மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ள, குழாய்ச் சாமான் கடையில் விற்கும் பிவிசி வளைவுகள் நான்கைப் போட்டால் போதும். ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். சோதனையே ஸ்பாஞ்சில்தான் இருக்கிறது. மீன் வெளியிடும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா புது ஸ்பாஞ்சில் இருக்காது. வைத்தியத் தொட்டியில் நோயைவிட அம்மோனியாவால் செத்த மீன்கள் நிறைய என்பது என் எண்ணம். மீன் வாங்கப் போகிறேன் என்று முடிவெடுத்தவுடனே, வாங்குவதற்கு நான்கைந்து வாரம் முன்பாகவே, ஒரு ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் தண்ணீரில் போட்டு வைத்துவிடுவது நல்லது. அது இல்லாவிட்டால் தினமும் தண்ணீர் மாற்றித்தான் சமாளிக்க வேண்டும். அம்மோனியாவைக் கட்டும் சில திரவங்களைச் செம்பு மருந்தோடு சேர்த்தால் செம்பின் நச்சுத்தன்மை கூடிவிடும் என்பதால் குப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் ஊற்றாதீர்கள்.

மருந்து என்றால் முதலில் வருவது செம்புதான். செம்புக் குடத்தில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்த பாட்டிகளுக்கு இதன் அடிப்படை தெரியும். நுண்ணுயிருக்குச் செம்பு ஆகாது. மயில்துத்தம் என்று நாம் சொல்லும் செம்பு சல்ஃபேட்டைக் கரைத்து, தண்ணீரில் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு இருக்கும்படி பார்த்துக்கொள்வது பழைய முறை. குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கொஞ்சம் கூடினால் மீன் சாகும். கயிற்றின் மேல் நடப்பது போல. இப்போது கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் வேறு மூலக்கூறோடு பிணைத்த செம்பு. அவற்றில் சிலவற்றுக்கு அளவே 1.5 முதல் 2.5 மில்லிகிராம். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் பத்து மடங்கு வித்தியாசம் வந்துவிடும், சோதனைப் பெட்டியும் அந்தந்த வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒரே நாளில் முழு அளவைக் கொட்டாமல் இரண்டு மூன்று நாட்களில் ஏற்றி, தினமும் அளந்து, முப்பது நாள் இறங்காமல் வைத்திருப்பது வழக்கம்.

ஏன் முப்பது நாள்? செம்பு கொல்வது நீந்தித் திரியும் குஞ்சுகளை மட்டும்தான். தோலுக்கடியில் இருப்பதைத் தோல் காக்கிறது. கூட்டுக்குள் இருப்பதைக் கூடு காக்கிறது. ஒவ்வொன்றும் வெளியே வரும்வரை வாசலில் காவல் இருப்பதுதான் வைத்தியம். பத்தாம் நாள் மீன் பளபளவென்று இருக்கிறதே என்று நிறுத்தியவர்களுக்குப் பதினெட்டாம் நாள் திரும்ப வருகிறது. மணலையும் பாறையையும் வேண்டாம் என்றதற்கும் இதோடு சம்பந்தம் உண்டு. சுண்ணாம்புப் பாறை செம்பை உறிஞ்சிக்கொள்ளும், காலையில் அளந்த அளவு மாலையில் இருக்காது.

செம்பு பிடிக்காதவர்களுக்கு ஒரு அழகான வழி இருக்கிறது. இஸ்ரேலின் ஐலாத் நகரில் ஆஞ்செலோ கொலோர்னி 1980களில் பண்ணை மீன்களில் செய்துபார்த்தது. கூடு கட்டியதிலிருந்து முதல் குஞ்சு வெளியே வரக் குறைந்தது மூன்று நாள் ஆகிறது அல்லவா? மூன்று நாளுக்கு ஒருமுறை, அதாவது 72 மணி நேரம் தாண்டுவதற்குள், மீனை முற்றிலும் புதிய, காய்ந்த தொட்டிக்கும் புதிய தண்ணீருக்கும் மாற்றிவிடுவது. மீனிலிருந்து உதிர்ந்தவை பழைய தொட்டியில் கூட்டோடு நின்றுவிடும். இப்படி நான்கு முறை மாற்றினால் மீனின் உடம்பில் இருந்தது எல்லாம் உதிர்ந்து முடிந்திருக்கும். புதிதாக ஏற ஒன்றும் இருக்காது. ஒரு சொட்டு மருந்து கிடையாது. பன்னிரண்டு நாளில் வேலை முடிந்தது. இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள் இருந்தால் ஒன்றைக் கழுவிக் காயவைத்து மற்றதைப் பயன்படுத்தலாம். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் முழுவதும் மாறுவதால் அம்மோனியாக் கவலையும் குறைவு. வெள்ளைப் புள்ளி மட்டும்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

மூன்றாவது வழி உப்பைக் குறைப்பது. கடல்நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவில் இருக்கும். அதை இரண்டு நாளில் படிப்படியாக 1.009க்கு இறக்கி, கடைசிப் புள்ளி மறைந்தபின் நான்கு வாரம் வைத்திருப்பது. கடல்மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்பு கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் நீர்த்த கடல்நீர் அதற்குத் தண்டனை இல்லை, சொல்லப்போனால் சிறுநீரகத்துக்கும் செவுளுக்கும் ஓய்வு. கூட்டுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியோ ஊறிப்போய் வளராமல் நிற்கும். ஆனால் இதற்குத் துல்லியமான ரிஃப்ராக்டோமீட்டர் தேவை. பத்து டாலர் ஊசி ஹைட்ரோமீட்டரை நம்பி இறங்கக்கூடாது. தவிர, 2003இல் தைவானில் இதைவிடக் குறைந்த உப்பிலும் செழிக்கும் வகைகள் இருப்பதாக ஆய்வறிக்கை வந்திருக்கிறது. திரும்ப ஏற்றும்போது அவசரம் கூடாது, ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய மலேரியா மாத்திரையான குளோரோகுயின்கூட இதற்குப் பயன்படுகிறது. அமெரிக்காவில் இன்று கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் முறையாகக் கிடைப்பது கடினம். 2020 மார்ச்சில், கோவிட் பீதியில் மீன்தொட்டிக்கான குளோரோகுயினை எடுத்து விழுங்கிய அரிசோனாக்காரர் ஒருவர் இறந்தே போனார். மீன் மருந்து எதுவானாலும் குழந்தைகளுக்கு எட்டாத பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

இத்தனையும் வெள்ளைப் புள்ளி என்று உறுதியாகத் தெரிந்தால்தான். எண்ணிப் பார்க்கக்கூடிய உப்புக்கல் போல இருந்தால் வெள்ளைப் புள்ளி. எண்ண முடியாதபடி மாவு தூவியதுபோலவோ பொன்தூசு போலவோ இருந்து, மீன் வெளிச்சத்துக்கு ஒதுங்கி, பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே நின்று வேகவேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய், அமைலூடினியம். இதையும் 1931இல் விவரித்தவர் அதே பிரவுன்தான். வெள்ளைப் புள்ளி வாரக்கணக்கில் கொல்லும், வெல்வெட் இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். உப்பைக் குறைப்பதும் தொட்டி மாற்றுவதும் இதற்கு உதவாது. அன்றைக்கே செம்பு. தோல் கொழகொழவென்று உரிந்து தொங்கினால், அதுவும் கோமாளி மீனில் என்றால், புரூக்லினெல்லாவாக இருக்கலாம். அதற்குச் செம்பு பயனில்லை, ஃபார்மலின் குளியல் வேண்டும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் கையுறையும் திறந்த ஜன்னலும் அவசியம். கண் வெளுத்து, மீன் தலையை உதறிக்கொண்டே இருந்தால் தட்டைப்புழுவைச் சந்தேகிக்கலாம். அதே சூடும் அதே பி.எச்.சும் உள்ள நல்ல தண்ணீரில் மீனை ஐந்து நிமிடம் விட்டால் புழுக்கள் வெளுத்து உதிர்ந்து அடியில் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்தபின் பிராசிகுவாண்டல், ஒரு வாரம் கழித்து முட்டையில் வந்தவற்றுக்காக இன்னொரு முறை. வெள்ளைப் புள்ளிக்கு இந்த நல்ல தண்ணீர்க் குளியல் பயன்படாது. உதிர்வதற்கு அது மேலே இருந்தால்தானே?

நண்பர் வீட்டில் பவுடர் ப்ளூ பிழைக்கவில்லை. செவுள் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. செம்பின் மூன்றாம் நாள் போய்விட்டது. கோமாளிகள் இரண்டும் முப்பது நாளைத் தாண்டின. பவுடர் ப்ளூ போன்ற மீன் பண்ணையில் பொரித்து விற்பனைக்கு வருவதில்லை, எங்கோ ஒருவர் மூச்சடக்கி மூழ்கி வலையில் பிடித்தது. பிறகு பை, விமானம், மொத்த வியாபாரி, கடை என்று நான்கைந்து தண்ணீர் மாறி, ஒவ்வொரு இடத்திலும் முன்பு இருந்த மீன்களின் ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டு வருகிறது. கடைக்காரர் தொட்டியில் மெலிதாகச் செம்பு ஓடிக்கொண்டிருந்தால் அங்கே இருக்கும்வரை புள்ளி தெரியாது. 'கடையில பத்து நாளா நல்லா இருந்துச்சு' என்பதை நான் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்வதில்லை. கோமாளி மீன்கள் 1970களிலிருந்தே பண்ணையில் பொரிக்கப்படுகின்றன. படத்தில் டோரியாக வந்த நீல சர்ஜன் மீனையும் 2016இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் பொரித்து வளர்த்துவிட்டார்கள். கிடைத்தால் பண்ணை மீனையே கேளுங்கள். அதற்கும் தனிமைத் தொட்டி உண்டு, சலுகை கிடையாது. சோதனை சர்வரில் ஓட்டாத நிரலை யாரும் நேராக வாடிக்கையாளரிடம் அனுப்புவதில்லை.

கடைசியாகப் பெரிய தொட்டி. கூடுகளில் பெரும்பாலானவை ஓரிரு வாரத்தில் வெடித்துவிடும். ஆனால் ஒரே இரவில் கட்டிய கூடுகளிலேயே சில மூன்றாம் நாளும் சில 72ஆம் நாளும் வெடித்ததாகக் கொலோர்னியின் ஆய்வு சொல்கிறது. அதனால்தான் மீனில்லாமல் 76 நாள் என்ற கணக்கு. தண்ணீரை 27 டிகிரியில் வைத்தால் 45 நாள் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். பொறுமை இருப்பவர்கள் 76 நாளே இருக்கலாம். இடையில் ஒரு மீன் விட்டாலும் கணக்கு முதலிலிருந்து. புதிதாக வாங்கும் பவளத்தின் அடிக்கல்லிலும் நத்தையின் ஓட்டிலும் கூடு ஒட்டியிருக்கலாம் என்பதால் அவற்றுக்கும் மீனில்லாத தொட்டியில் இதே காத்திருப்பு. அதுவரை பெரிய தொட்டியில் விளக்கும் பம்ப்பும் வழக்கம்போல ஓடட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டால் நண்டும் இறாலும் பட்டினி கிடக்காது, பாக்டீரியாவும் பிழைத்திருக்கும். இரண்டு தொட்டிகளுக்கும் இடையே பத்தடியாவது இருக்கட்டும், தெறிக்கும் துளியிலும் குஞ்சுகள் பயணம் செய்யும். வலை, வாளி, ஸ்பாஞ்ச் எல்லாம் தனித்தனி. கை நனைந்தால் துடைத்துக் காய்ந்த பிறகே அடுத்த தொட்டி.